முழங்கைக்குப் பின்னால் ஒரு தீவு

"பேரு ஜெயபாண்டி. வயசு இருபத்திரண்டு. இருக்குறது திருப்பூர், ராயபுரம்."

ஒரு கையில் அயர்ன் பெட்டி. மேசையோரம் சாய்த்து வைத்த போனிடம் அவன் சொல்லச் சொல்ல, எழுத்துகள் தாமாகவே கட்டங்களுக்குள் போய் உட்கார்ந்தன. புயல் அடித்த தீவில் இருக்கும் இந்தியர்களைத் தேடித் தர, இந்தியத் தூதரகம் இணையத்தில் திறந்திருந்த பக்கம் அது.

அடுத்த கட்டம் அக்காவின் பாஸ்போர்ட் எண்ணைக் கேட்டது.

ஜெயபாண்டி அடுத்த துணியை இழுத்து விரித்தான். போன் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, தானாக அணைந்தது.

மேசையில் கடல் நிறத்தில் டி-ஷர்ட்கள். பெட்டி போன இடமெல்லாம் அலை அடங்கியது. நீராவி எழுந்து, டியூப் லைட்டைச் சுற்றி மேகம் கட்டியது.

அக்கா அபிராமி ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே பனியன் கம்பெனியில்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஏஜென்ட் ஒருத்தரைப் பிடித்து அந்தத் தீவின் தையல் ஃபேக்டரிக்குப் போனவள், அந்த ஊர்க்காரரையே கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள்.

இந்த ஏழு வருஷத்தில் அவன் பார்க்க அந்த நாடு தமிழ்ச் செய்தியில் வந்தது இரண்டே தடவை. ஒரு மந்திரி போய் மாலை வாங்கியபோது. அப்புறம், ஏதோ படத்துக்குப் பாட்டு எடுத்தபோது. அன்றைக்கு ஊரிலிருந்து அம்மா கருத்தம்மா போன் போட்டு, "ஒங்கக்கா ஊரு டிவில வருதுடா! எவளெவளோ ஆடுறாளுக, இவளத்தான் காணோம்" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

நேற்று மூன்றாவது தடவை.

வரைபடம் முழுக்க நீலம். நடுவில் மிளகு அளவுக்குத் தீவு. செய்தி வாசித்த பெண் புயல் போன வழியைக் கையால் காட்டியபோது, அவள் முழங்கை சரியாக அதன்மேல் விழுந்தது. அக்கா, மாமா, ஒன்றரை வயசுப் பிள்ளை, கொடியில் காய்ந்த துணி, எல்லாம் முழங்கைக்குப் பின்னால் போய்விட்டன.

ஜெயபாண்டி தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தான்.

அதற்குள் வரைபடம் போய்விட்டது. தங்கம் விலைக்கும் கிரிக்கெட்டுக்கும் நடுவே கீழே ஒரு வரி ஓடியது. தீவு நாட்டில் புயல், பலர் பலி. இந்தியர்கள் யாருக்கும் பாதிப்பில்லை.

அக்காவின் போன் நேற்றிலிருந்து மணிகூட அடிக்கவில்லை.

"அதான் நம்மாளுக ஆருக்கும் ஒண்ணுமில்லைன்னு போட்டுட்டானே கண்ணு" என்றார் சூப்பர்வைசர் வெள்ளியங்கிரி, பின்னால் வந்து நின்று. "மூஞ்சிய இப்படி வெச்சுட்டுத் தேச்சீன்னா, தேச்ச துணியும் சுருங்கிப் போகும். போய் ஒரு டீயக் குடிச்சுட்டு வா சாமி."

போன் வெளிச்சமானது. குடும்பக் குரூப்பில் அம்மாவின் குரல்.

"பாண்டி, நியூஸ் பாத்தேன்யா. நம்ம ஆளுக எல்லாம் நல்லாருக்காகளாம். இப்பத்தான் உசுரு வந்துச்சு. ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டு, டிவிய அமத்திட்டுச் சித்த படுக்கப்போறேன்."

அவன் பெட்டியை அழுத்தினான். நீராவி முகத்தை மூடியது. அதற்குள் அக்கா தெரிந்தாள், போன மாசம் வீடியோ காலில் தெரிந்த மாதிரியே. இடுப்பில் பிள்ளை. கையில் புத்தம் புது பாஸ்போர்ட். அட்டையில் தென்னை மரமும் பெயர் தெரியாத ஒரு பறவையும். பழைய இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டாளாம்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதடா. மக வேத்து நாட்டுக்காரி ஆயிட்டான்னு அழுகும்."

சொல்ல மாட்டேன் என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான்.

நீராவி விலகியது. மேசையில் கடல் மட்டும் கிடந்தது, ஒரு மடிப்புகூட இல்லாமல்.

பெட்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான். அவன் பேசப் பேச, ஒவ்வொரு வார்த்தையும் குரூப்பில் எழுத்தாக விழுந்தது.

"அம்மா, டிவிய அமத்தாத. இந்தியர்னு ஓடுற வரியப் பாக்காத. அதுல நம்ம அக்கா இப்ப இல்ல. மொத்தம் எத்தன பேருன்னு போடுவான். அதப் பாத்துச் சொல்லு."