சோடாவில் சோடா இல்லை

லாபு தோட்டத்துக் கேட்டில் காவலுக்கு நின்ற ஹோம் கார்ட் ஆம்புரோஸ், வெளியே போக வந்த ஒரு பெண்ணை நிறுத்தினான். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு உணவோ மருந்தோ போய்விடக் கூடாதென்று தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்த காலம் அது.

"பையில என்னம்மா?"

"சோடாங்க. அத்தை வீட்டுல குடுத்தாங்க."

"சோடாவுல சோடா உப்பு இருக்கும், அது மருந்துலா! வெளிய கொண்டு போகக் கூடாது."

"இதுல உப்பு ஏதுங்க? வெறும் தண்ணியும் கேஸும்தான். முன்னாடி சோடா உப்பு போட்டுச் செஞ்சாங்களாம். அந்தப் பேரே நின்னுபோச்சு. வேணும்னா ஒரு பாட்டில் நீங்களே வச்சுக்குங்க, என்னை விட்டுடுங்க."

"டியூட்டியில யார்கிட்டயும் எதுவும் வாங்க மாட்டேன். கையில கொஞ்சம் ஊத்துங்க, போதும்."

உள்ளங்கையில் ஊற்றியதை உறிஞ்சினான். உப்பே இல்லை. ஆனால் நுரை மூக்கில் ஏறி, துப்பாக்கி தோளிலிருந்து நழுவும்படி தும்மினான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கோபம் வர வேண்டிய இடத்தில் அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, போயிட்டு வாங்க" என்று கேட்டைத் திறந்துவிட்டான். அன்று முழுக்க அந்தச் சிரிப்பு அவன் காதிலேயே இருந்தது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை அம்மா ரஹாங்குக்குப் பெண் பார்க்கக் கூப்பிட்டபோது வேண்டாவெறுப்பாகத்தான் போனான். காப்பித் தட்டோடு வந்த பெண்ணை நிமிர்ந்து பார்த்தவன் திகைத்தான். அவளேதான்!

"பொண்ணு ஃபிளோராவைப் புடிச்சிருக்காடா?" என்றாள் அம்மா.

பெண்ணின் அப்பா முந்திக்கொண்டார். "தம்பி மெதுவா சொல்லட்டும்மா. வேலையில மாப்பிள்ளை எப்படின்னு நேர்ல பாத்துட்டு வந்த பிறகுதான், எங்க ஃபிளோரா உங்களையே வரச் சொன்னா!"