விளக்கணைக்க ஒரு ஜெனரேட்டர்

"ஊர் மொத்தமும் ஒரே நேரத்துல விளக்கை அணைக்கணும். அதுதாங்க கலை!" என்றார் நந்தகுமார்.

கூட்டத்திலிருந்து ராசு எழுந்தான்.

"அணைச்சுப்போடலாமுங்க. ஆனா நேத்து ராத்திரி அடிச்ச காத்துல கம்பி அறுந்ததுல இருந்து கரண்டே இல்லீங்களே?"

அடக் கொடுமையே! சென்னையிலிருந்து கொல்லிமலை ஏறி, தேவனூர் நாட்டில் இந்தச் சின்ன ஊரைத் தேடிப் பிடித்து, 'பூமிக்காக ஓர் இருட்டு' என்று பேர் வைத்து, ஒரு மாசமாகப் பெண்களுக்குக் கும்மி பழக்கிய பிறகு இப்படி ஒரு கேள்வி. ஊர் ஏற்கெனவே இருட்டாகக் கிடந்தால் எதை அணைப்பது? ட்ரோன் மேலே பறந்து எதைப் படம் பிடிக்கும்?

நிதி கொடுக்கிற அறக்கட்டளையிலிருந்து சுமித்ரா மேடம் வேறு சாயங்காலம் வருகிறார். அவர் கண் முன்னால் ஊரே விளக்கை அணைத்தால் அடுத்த வருஷமும் திட்டம் உண்டு. ஒரு வீடு அணைக்கவில்லை என்றாலும் நந்தகுமார் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்குப் போன் போட்டார். மத்தியானமே ஒரு லாரி டீசல் ஜெனரேட்டரைச் சுமந்துகொண்டு வளைவுக்கு வளைவு திணறி மேலே வந்து சேர்ந்தது. வீட்டுக்கு வீடு ஒயர் இழுத்தார்கள்.

ராசுவுக்கு மறுபடியும் சந்தேகம். "ஏனுங்க, இந்த மிசினை நிறுத்திப்போட்டா எல்லா லைட்டும் தானா நின்னு போகுமில்லீங்க?"

"அது கலை இல்லைப்பா. மக்கள் மனசு மாறி அவங்களா அணைக்கணும்."

"மனசு மாறறதுக்கு டீசல் வேணுமாக்கும்" என்று முனகிய ராசுவை, பக்கத்திலிருந்த பெண்டாட்டி கண்ணாயி ஓர் இடி இடித்து உட்காரவைத்தாள். கும்மிக்கு முதல் குரல் அவள்தான். ஒரு மாசமாகக் காட்டில் களை எடுக்கும்போதுகூட அந்தப் பாட்டையே பாடிக்கொண்டு திரிந்தவள்.

பொழுது சாய்ந்தது. ஜெனரேட்டர் தடதடவென்று ஓட, ஊர் கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. புகை தாங்காமல் சுமித்ரா மேடம் இருமினார். நந்தகுமார் ஓடிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

கொம்பு ஊதினார்கள். ஒவ்வொரு வீடாக இருண்டது. நந்தகுமாருக்குப் புல்லரித்துவிட்டது.

ஆனால் மேட்டில் ஒரே ஒரு ஜன்னல் மட்டும் அடம்பிடித்துக்கொண்டு எரிந்தது.

"யார் வீடு அது?"

"நம்ம கண்ணாயி ஊடுங்க" என்றது ஒரு குரல்.

நந்தகுமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினம் அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டே புவி வெப்பத்தைப் பற்றி எவ்வளவு எடுத்துச் சொல்லியிருக்கிறார்! அத்தனையும் வீண்.

"ஏம்மா, உனக்கே பொறுப்பில்லைன்னா மத்தவங்களுக்கு எப்படி வரும்?"

கண்ணாயி மேட்டைப் பார்த்தாள். கிட்டே வந்து, "சார், கொஞ்சம் தனியா வாங்களேன்" என்றாள் மெதுவாக.

"தனியா என்ன பேச்சு? இத்தனை பேர் முன்னால தப்புப் பண்ணிட்டு, தனியா மன்னிப்பா? எல்லார் முன்னாலயும் சொல்லு!"

ராசு வாயைத் திறந்தான். "அது வந்துங்க, அந்த ரூம்பு..."

கண்ணாயி அவன் கையில் நறுக்கென்று கிள்ளினாள். சுமித்ரா மேடத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"என்ற தப்புதானுங்க. மறந்துபோட்டேன். இப்பப் போய் நிறுத்திப்போடறேன்."

"பார்த்தீங்களா மேடம், இந்த மனநிலையைத்தான் நாம மாத்த வேண்டியிருக்கு" என்றார் நந்தகுமார். "நீ போம்மா. கும்மிக்கு வராதே. உன் இடத்துல பூங்குழலி பாடட்டும்."

கண்ணாயிக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு இருட்டில் மேடேறிப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் அந்த ஜன்னலும் இருண்டது. ட்ரோன் பறந்தது. பூங்குழலியின் குரல் ஜெனரேட்டர் சத்தத்தில் பாதிதான் கேட்டது. ஆனாலும் சுமித்ரா மேடம் கண்ணை மூடிக்கொண்டு ரசித்தார். "அடுத்த வருஷம் இன்னும் பெருசா பண்ணலாம்" என்று கை கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார்.

நந்தகுமாருக்குத் தாராள மனசு வந்துவிட்டது. பாவம், படிக்காத பொம்பளை. நாமே போய் மன்னித்துவிடலாம் என்று மேடேறினார்.

வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள் கண்ணாயி. கிழங்கு காயப்போடுகிற படுதாவை இரண்டு கையாலும் தூக்கி ஜன்னலோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். ஓரத்தில் வெளிச்சம் கசிந்தது.

"இதென்ன கூத்து? சுவிட்சை அணைக்கறதை விட்டுட்டு?"

"பூட்டியிருக்குதுங்களே."

"உன் வீட்டை எவன் பூட்டினான்?"

கண்ணாயி அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அந்தம்மா போயிட்டாங்களா?"

"போயாச்சு, போயாச்சு. சொல்லு!"

"அப்பச் சரிங்க. இது நீங்க தங்கியிருக்கற ரூம்புதானுங்க. உள்ள ஹீட்டரு வேற ஓடுது. சாவி உங்க ஜோப்புலதான் இருக்கும், கை கடுக்குது சாமி, வெரசாத் திறந்து அணைங்க."