ஜன்னலோர சீட்

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஜன்னல் வழியே கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பதில் தாஹா கெட்டிக்காரன்.

"உங்கூட தங்கியிருக்கிற பையன் எந்த சீட்ல உக்காருவான்னு மட்டும் காட்டு தம்பி. நாட்டுக்குச் செய்யிற உதவி," என்றது போனில் ஒரு குரல்.

அன்று துவாக்குடி பஸ்ஸில் அடையாளமாக நீலக் கைக்குட்டையைப் போட்டான்.

"நீ இருக்கிறவரைக்கும் எனக்கென்ன மாப்ள!" என்று அறைத்தோழன் ஜெய்சங்கர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். பாதிவழியில் இருவர் அவனை இறக்கிக் கூட்டிப்போனார்கள். அவன் திரும்பி வரவேயில்லை.

இன்று பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. ஒரு ஜன்னலோர சீட் மட்டும் காலி. அதில் அதே நீலக் கைக்குட்டை.

"உக்காருங்க தம்பி," என்றார் கண்டக்டர். "தாஹா வருவான், நிக்க விட்டுடாதீங்கன்னு உங்க சிநேகிதர்தான் போட்டுட்டுப் போனாரு."

உட்கார்ந்தான். பின்வாசலில் அந்த இருவரும் ஏறினார்கள். தாஹா எழுந்திருக்கவில்லை. கைக்குட்டையில் இன்னும் கைச்சூடு இருந்தது.