வேர்க்காதவர்கள் மனு

“வேர்க்கவே வேர்க்காதுன்னு மனுவுல எழுதியிருக்கு. உங்க சட்டையப் பிழிஞ்சா ஒரு குடம் தண்ணி வரும் போலிருக்கே?”

புஷ்பவள்ளி கேட்டது வரிசையின் கடைசி ஆள் காது வரைக்கும் விழுந்தது. இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சக்கர நாற்காலியில் இருந்த சேரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். துடைத்த கையோடு நெற்றியில் மறுபடி வேர்வை அரும்பியது.

கடலூர் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்கும் நாள். அக்னி நட்சத்திரம் வேறு. வருகிற மனுவைப் படித்து, ஒரு வரிக் குறிப்பெழுதி மேலே அனுப்புவது புஷ்பவள்ளியின் வேலை. இருபது வருஷ சர்வீஸ். ஆளைப் பார்த்தே பொய் சொல்கிறானா என்று சொல்லிவிடுவாள். அப்படித்தான் அவள் சொல்லிக்கொள்வாள்.

மனுவை மறுபடி எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

“‘கழுத்தில் தண்டுவடம் அடிபட்டுப் படுக்கையில் இருப்பவர்களுக்குக் கழுத்துக்குக் கீழே வேர்க்காது. அதனால் உடம்புச் சூடு இறங்காது. கோடை நாலு மாதமும் ஏசியோ ஏர்கூலரோ ஓடினால்தான் உயிர் தங்கும். மின்கட்டணத்தில் சலுகை வேண்டும்.’ ஏங்க, ஊரே வெந்து சாவுது. எனக்கும்தான் கசகசங்குது. நான் ஓசி கரண்ட் கேக்கறனா?”

“மேடம், அது வந்து...”

“எந்த ஊரு?”

“சிதம்பரங்க.”

“எதுல வந்தீங்க?”

“என் மூணு சக்கர வண்டியிலதாங்க. வெளிய நிக்குது.”

“அங்கேருந்து இந்த வெயில்ல வண்டி ஓட்டிட்டு வருவீங்க. ஆனா ஏசி இல்லாம உசுரு தங்காது. நான் எதைய்யா நம்பறது?”

வரிசையில் இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். புஷ்பவள்ளிக்கு உற்சாகம் வந்துவிட்டது. சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள். ‘விசாரித்ததில் உண்மையில்லை’ என்று ஒரு வரி எழுதினால் போதும், மனு அத்தோடு மூடப்பட்டுவிடும். இந்தக் கோடைக்கு இனி பேச்சே கிடையாது.

சேரன் பதறிப்போய் மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

“எழுதிடாதீங்க மேடம்! ரெண்டாவது பக்கத்த ஒரு தடவ பாத்துடுங்க.”

வேண்டா வெறுப்பாகத் திருப்பினாள்.

பக்கம் முழுக்கப் பெயர்கள். லூர்துசாமி, சாரத்திலிருந்து விழுந்தவர். தில்லைநாதன், தென்னையிலிருந்து. ஸ்ரீமதி, காட்டுமன்னார்கோயில், வேன் கவிழ்ந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கைநாட்டு. விரலை அவர்களாக வைக்கவில்லை, யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது அந்த மை இழுபட்டிருந்த விதத்திலேயே தெரிந்தது.

“இதுல ஒருத்தர்கூட வரலியே? காரியம் ஆவணும்னா நேர்ல வந்தாத்தான?”

“போன வருஷம் தில்லைநாதன் அண்ணன கார் வச்சுக் கூட்டியாந்தங்க. புதுச்சத்திரம் தாண்டல, ஒடம்பு அனலா கொதிக்குது. கழுத்துக்குக் கீழ ஒரு பொட்டு வேர்வை இல்ல. ரோட்டோரம் நிறுத்தி, டீக்கடைல தண்ணி வாங்கி மேலெல்லாம் ஊத்துனோம். அப்பவும் எறங்கல. ஆஸ்பத்திரியில பதினோரு நாளு. பொழச்சதே பெருசுங்க.”

வரிசையில் சிரிப்பு நின்றுபோனது.

புஷ்பவள்ளி சிவப்புப் பேனாவின் முனையைப் பெயர்கள்மேல் ஓட்டிக்கொண்டே வந்தாள். அடி வரைக்கும் வந்தவள், மறுபடி மேலேயிருந்து தொடங்கினாள்.

“இதுல உங்க பேரு எங்க?”

“இல்லீங்க.”

“விட்டுப்போச்சா?”

“இல்ல மேடம். எனக்கு அடி இடுப்புல. காலுதான் வராது. மத்தபடி மேல நல்லா வேர்க்கும். நீங்கதான் பாக்கறீங்களே.”

“அப்ப இந்தச் சலுகை வந்துச்சுன்னா...?”

“எனக்குக் கெடைக்காதுங்க.”

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். இருபது வருஷத்தில் எத்தனை ஆயிரம் மனு! பட்டா வேண்டும், பென்ஷன் வேண்டும், பக்கத்து வீட்டுக்காரன் சுவரை இடிக்க வேண்டும். எல்லாமே எனக்கு, என் மகனுக்கு, என் வீட்டுக்கு. தனக்கு வராத ஒன்றுக்காக ஒருவன் இந்த மேஜைக்கு முன்னால் வந்து அவமானப்பட்டு உட்கார்ந்திருப்பதை அவள் இன்றைக்குத்தான் பார்க்கிறாள். உடம்பு சிலிர்த்தது. அவ்வளவு வெயிலிலும் சிலிர்த்தது.

பேனாவை மூடி வைத்தாள். தன் பக்கம் திரும்பியிருந்த மேஜை விசிறியைப் பிடித்து, அவன் பக்கமாகத் திருப்பினாள்.

“பின்ன எதுக்குத் தம்பி இந்த வெயில்ல இவ்ளோ தூரம் நீ வர்ற?” குரல் அவளுக்கே கேட்கவில்லை.

சேரன் நனைந்த துண்டை முறுக்கிப் பிழிந்துகொண்டே சிரித்தான்.

“வேர்க்காதவங்க வெயில்ல வந்தா உசுரு போயிடும் மேடம். வேர்க்கற நான்தான வரணும்?”