ஒன்று, இரண்டு, நான்கு

“தாளில் உள்ள பாட்டு. சரணம் ஒன்று, இரண்டு, நான்கு,” என்றார் போதகர்.

சபை எழுந்தது. பெஞ்சுகள் தரையில் உரசின.

அவள் கீபோர்டில் விரல்களை வைத்தாள்.

பாட்டு அவளுடையது. சொல்லும் மெட்டும். ஆறு வருடமாக இந்தச் சபை அதைப் பாடுகிறது. ஆறு வருடமாக ஒன்று, இரண்டு, நான்கு.

நான்காவதைப் பிறகுதான் எழுதினாள். முன்பிருந்த போதகர் கேட்டுக்கொண்டார். கேள்வியோடு ஒரு பாட்டு முடியக் கூடாதாம்.

நான்கு வந்த பிறகு மூன்றை யாரும் பாடவில்லை.

இன்று பாட்டுத் தாளுக்கு அடியில் ஒரு கடிதம் இருந்தது. சபைகளை நிர்வகிக்கும் திருமண்டலம் புதிய பாட்டுப் புத்தகம் அச்சிடுகிறது. அவள் பாட்டையும் சேர்த்துக்கொள்வார்கள், மூன்றாம் சரணத்தை நீக்கிவிட்டு. சம்மதம் என்று காலையில் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஆராதனை முடிந்ததும் போதகரிடம் கொடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அந்தச் சரணம் எங்கேயும் இருக்காது.

நாலு வரிகூட இல்லை அது. வேதாகமத்தில் தீச்சூளைக்குள் எறியப்பட்ட மூவரை, நான்காவது ஆளாய் உள்ளே வந்து காத்தவரிடம் ஒரு கேள்வி.

சூளையில் மூவரோடு நான்காமவராய் நடந்தீரே,
என் தம்பி நின்ற அறைக்குள் ஏன் வராமல் போனீர்?

தேவாசீர். கல்லூரியில் முதல் வருடம் முடித்திருந்தான். விடுமுறையில் பட்டாசு ஆலைக்குப் போனான். வீட்டில் சும்மா கிடப்பானேன் என்று போர்மேனிடம் சொல்லி வைத்தது அம்மாதான்.

சனிக்கிழமை மாலை அவன் நகங்களில் அலுமினியத் தூள் ஏறியிருக்கும். மறுநாள் சர்ச். அம்மா தேங்காய் எண்ணெய் விட்டு ஒவ்வொரு நகமாகத் தேய்ப்பாள்.

“விடும்மா. வெள்ளி நகம். ஊர்ல எவன்ட்ட இருக்கு?”

பத்தொன்பது நாள் வேலை பார்த்தான்.

இருபதாம் நாள் வெடிமருந்து கலக்கும் அறையில் நின்றான்.

அதன் பிறகு அம்மா அவன் பெயரைச் சொன்னதில்லை.

போன வருடம் இந்தப் போதகர் புதிதாக வந்தார். வீடு சந்திக்க வந்தபோது, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்.

“ஒரு பொண்ணுதான், ஐயா,” என்றாள் அம்மா.

அவள் டீ தம்ளர்களோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். தம்ளர் கையைச் சுட்டது.

பாட்டை எழுதிய அன்றே அம்மாவிடம் காட்டியிருந்தாள். அம்மா மூன்றாவது சரணம் வரை வாசித்தாள்.

“அவனப் பாட்டாக்கிட்டியாடி?”

அவ்வளவுதான். தாளை நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

இன்று காலை கையெழுத்துப் போட்டதும், “மூணாவத எடுத்துரப் போறேம்மா,” என்று சொன்னாள். அம்மா காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். “ம்,” என்றாள்.

அம்மாவுக்காகத்தான் போட்டேன் என்று சர்ச் வரும் வழியெல்லாம் தனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

முதல் சரணம் முடிந்தது. இரண்டாவதும்.

அம்மா பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில், ஜன்னலோரம் நின்றாள். கையில் தாள் இல்லை. இந்தப் பாட்டுக்கு அம்மா எழுந்து நிற்பாள். வாய் திறக்க மாட்டாள்.

பல்லவி திரும்ப வந்தது. இடையிசை. அவள் தலையசைத்தாள்.

நான்காவது சரணம் ‘மகிமை’ என்று தொடங்கும். உதடுகள் மூடித் திறக்க வேண்டும். இருநூறு பேருக்கும் மூடித் திறந்தன.

அம்மாவின் உதடுகள் ‘சூ’ என்று குவிந்தன.

அவள் ஒரு சுரம் தவறவிட்டாள்.

பக்கத்தில் நின்ற ஜெயகனி அத்தை அம்மாவை முழங்கையால் இடித்தாள்.

“நாலு, யக்கா. நாலு.”

அத்தைக்கு ரகசியம் பேச வராது. முன் பெஞ்சில் இருவர் திரும்பினார்கள்.

அம்மா நிறுத்தவில்லை. கண்களை மூடியிருந்தாள். தாள் இல்லாமல், தடுமாறாமல், உதடுகள் நகர்ந்துகொண்டிருந்தன. இருநூறு குரல்களுக்கு அடியில் அந்தக் குரல் எங்கோ இருந்தது. கேட்கவில்லை.

ஆறு வருடம். எங்கே வைத்துப் பாடியிருப்பாள்? பாத்திரம் துலக்கும்போதா? குழாயைத் திறந்துவிட்டா?

நான்காவது முடிந்தது. பல்லவி. ஆமென்.

இப்போது விரல்களை எடுக்க வேண்டும்.

அவள் எடுக்கவில்லை. இடையிசையை மறுபடி தொடங்கினாள்.

போதகர் கையில் வேதாகமத்தோடு திரும்பிப் பார்த்தார். உட்காரப் போனவர்கள் பாதியில் நின்றார்கள்.

“இன்னும் இருக்கா?” என்றாள் ஜெயகனி அத்தை, பெஞ்சைப் பிடித்தபடி.

இடையிசை முடிந்தது. யாரும் பாடவில்லை. அவள் அதையே மீண்டும் வாசித்தாள்.

அம்மா கண்களைத் திறந்தாள். கீபோர்டைப் பார்த்தாள். பிறகு அவளை.

‘சூளையில்’ என்று தொடங்கினாள். தனியாக. குரல் மேலே எட்டவில்லை, சுருதி சேரவில்லை.

அவள் ஒரு கட்டை இறக்கி வாசித்தாள்.

இரண்டாவது வரி வந்தது. அதில் ‘என் தம்பி’ என்று எழுதியிருந்தாள்.

அம்மா ‘என் மகன்’ என்று பாடினாள்.