ஏழாம் அலமாரியின் பூட்டு

பெல்கிரேடு விடுதியின் வரவேற்பாளர் ட்ரகானா, ஏழாம் எண் அலமாரியின் பூட்டை இரும்பு வெட்டியால் நெரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே அலாரம் அலறியது. அறையின் எட்டுக் கட்டில்களிலும் தங்கியிருந்தவர்கள் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தார்கள்.

“தினம் ஆறு மணிக்கு இதே கூத்து! நாளைக்கும் அடிச்சா எல்லாரும் காலி பண்ணிடுவோம்,” என்றான் கட்டிலில் கிடந்த யூஸ்ட்.

“என் வேலைக்கு உலை வைக்காதே தம்பி.”

“நேத்தும் வெட்டினீங்களே?”

“வெட்டிட்டு, காலியா திறந்துதான் வெச்சேன். எந்தப் புண்ணியவான் பூட்டினானோ!”

பூட்டு அறுந்தது. மூலையில் விரிசல் விட்ட ஒரு பழைய போனை எடுத்து அணைத்தாள். எரிச்சலோடு கீழே வந்து, மேஜை இழுப்பறையைத் திறந்து உள்ளே போட்டாள்.

இழுப்பறை இனி மூடாது. அங்கே ஏற்கெனவே பதினொரு போன்கள் இருந்தன. எல்லாவற்றிலும் அதே மூலையில் அதே விரிசல்.