பன்னிரண்டு ஆரஞ்சுப் பெட்டிகள்

ரெட்லாண்ட்ஸ் ஊரில் ஆர்வில் மூன்று மாதமாகப் பகலெல்லாம் கராஜிலேயே கிடந்தான். அந்தக் காலத்தில் ஐஸ் வைத்து ஆரஞ்சு ஏற்றிப்போன ரயில்பெட்டிகளின் பன்னிரண்டு குட்டி மாதிரிகளோடு அவன் பொம்மை ரயில் போட்டிக்குப் போகிறான் என்று தெருவுக்கே தெரியும்.

போட்டி நாள் காலை கராஜுக்குள் போனவன், பேயறைந்தவன் போலத் திரும்பி வந்தான்.

“பாத்தியா?” என்றாள் மனைவி வெர்னா பெருமையாக. “கூரையெல்லாம் துரு, பக்கமெல்லாம் கரி. நடுவர் சிரிப்பாரேன்னு பன்னிரண்டையும் ராத்திரியே பல் பிரஷால தேய்ச்சுக் கழுவிட்டேன்.”

ஆர்வில் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். வெர்னாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஒரு நன்றிகூடக் கிடையாதா?”

“வெர்னா, அந்தப் பெட்டிங்கள நான் கடையில ரெடிமேடாத்தான் வாங்கினேன்.”

“அப்ப மூணு மாசமா உள்ள என்னதான் பண்ணினே?”

“அந்தத் துருவையும் கரியையும் ஒவ்வொரு புள்ளியா வரைஞ்சேன்.”